‘சொன்னார்’, ‘சொன்னான்’: அவையில் சண்டை எங்கே ஆரம்பிக்கிறது?

ஊட்டியில் படிக்கும் கூடலூர் மாணவர் ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர்கள் கல்லூரியில் மாதிரிச் சட்டமன்றம் நடத்தினார்களாம். கூடலூர்ப் பக்கம் இன்றுவரை உரிமை முடிவாகாமல் கிடக்கும் பிரிவு 17 நிலத்தைப் பற்றித் தீர்மானம். இருபது நிமிடத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் அளவுக்குப் போய், ஆசிரியர்கள் வந்து நிறுத்த வேண்டியதாயிற்றாம். “நிஜ எம்.எல்.ஏ.க்களே இப்படித்தானே இருக்கிறார்கள்? ஊரையே இரண்டாகப் பிரிக்கிற விஷயத்தில் ஒருவரையொருவர் மதித்து விவாதிப்பது நடக்கிற காரியமா, இல்லை பாடப் புத்தகத்தில் மட்டும்தானா?” என்று கேட்கிறார்.

கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். அவர் கேட்பது நல்ல நடத்தையைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குப் படுகிறது. என் வீடும் நிலமும் போய்விடுமோ என்ற பயத்தில் நான் இருக்கும்போது, அதைப் பறிக்கச் சொல்கிறவராக எனக்குத் தோன்றுகிற ஒருவரிடம் நான் ஏன் மரியாதையாகப் பேச வேண்டும், அப்படிப் பேசினால் எனக்கு என்ன கிடைக்கும்? கேள்விக்குள்ளே இருக்கும் கேள்வி இதுதான். இதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 1985-லிருந்து 31 வருடம் சட்டப்பேரவையில் அவை நிருபராக இருந்தவள். பத்திரிகை நிருபர் அல்ல. உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் ஒரு சொல் விடாமல் எடுத்து, வெளியே போய்த் தட்டச்சு செய்து, அவைக்குறிப்பாகக் கொடுக்கிற வேலை. சில நிமிடங்களுக்கு ஒருவர் என்று முறை வைத்து உள்ளே போவோம், வருவோம். எங்கள் மேசை அவையின் நடுவில், இரண்டு பக்க வரிசைக்கும் இடையில் இருக்கும். அங்கே நான் ஒரு நாளும் பேசியதில்லை. பேசுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன், அவ்வளவுதான். ஒரு உறுப்பினர் மனதுக்குள் என்ன நினைத்துக்கொண்டு எழுந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. எந்த இடத்தில் பேச்சு சண்டையாக மாறியது என்று சொல்ல முடியும். சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். ஓய்வுக்குப் பிறகு இங்கேதான் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். கோபமாகப் பேசுவது வேறு, மரியாதை இல்லாமல் பேசுவது வேறு. பச்சைத் தேயிலை விலை விழுந்து, கொழுந்து பறித்த கூலிக்கே கட்டவில்லை என்று ஒரு மலைத் தொகுதிக்காரர் எழுந்தால் அவர் குரல் உயரத்தான் செய்யும். உயர வேண்டும். அந்தக் கோபத்தை அடக்கச் சொல்லும் மரியாதை எனக்கு வேண்டாம். நான் பார்த்த நல்ல விவாதங்களில் பல சூடானவை. மேசையைத் தட்டியிருக்கிறார்கள், கண் கலங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். பிறகு அவர் சொன்னதற்குத்தான் பதில் சொன்னார், அவருடைய அப்பாவைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பழைய வழக்கைப் பற்றியோ அல்ல. அவையில் மரியாதை என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான்.

இது நல்ல மனசிலிருந்து வருவது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அது பெரும்பாலும் அவை நடைமுறையிலிருந்து வருகிறது. சட்டமன்றத்தில் யாரும் யாரிடமும் நேரடியாகப் பேசக் கூடாது. ‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே’ என்று தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் சடங்காகத் தெரியும். எதிரே மூன்றடி தூரத்தில் இருக்கும் மனிதரை ‘நீ’ என்று கை நீட்ட முடியாமல், ‘மாண்புமிகு உறுப்பினர் அவர்கள் சொன்னது’ என்று சுற்றி வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தச் சுற்றில் கோபத்துக்கு ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் எத்தனையோ சொற்கள் வாய்க்குள்ளேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் இது இன்னும் முக்கியம். வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும் மொழி நம்முடையது. ‘அமைச்சர் அன்றைக்கு ஒன்று சொன்னார், இன்றைக்கு வேறு சொல்கிறார்’ என்றால் அது குற்றச்சாட்டு. அதற்குப் பதில் வரும். ‘அன்னைக்கு ஒண்ணு சொன்னான்’ என்றால் அதற்குப் பதில் வராது, ஆள்தான் எழுந்து வருவார். கருத்து ஒன்றுதான், விகுதிதான் வேறு. கூச்சல் கிளம்பிய நாட்களில் என் நோட்டை மறுபடி புரட்டிப் பார்ப்பதுண்டு. பெரிய வசவுச் சொல் அபூர்வமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் ஒரு ‘ஆன்’, ஒரு ‘நீ’, ஒரு ‘உட்காருய்யா’. அதற்கு முன்னால் இருந்த வாக்கியம்வரை நிலம், தண்ணீர், பள்ளிக்கூடம் என்று விஷயம் போய்க்கொண்டிருந்திருக்கும். அதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ‘குறுக்கீடு’ என்று எழுதுவோம். அப்புறம் சொற்களைப் பிரித்தெடுக்கவே முடியாது.

இதையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கத்துகிறவர் பெரும்பாலும் தன் முறை வராது என்று முடிவு கட்டியவர். மொத்தம் 234 உறுப்பினர்கள். நீலகிரி மாவட்டத்துக்கு உதகமண்டலம், கூடலூர், குன்னூர் என்று மூன்று இடம். கொடைக்கானலுக்குத் தனித் தொகுதி கிடையாது, பழனித் தொகுதிக்குள் வருகிறது. ஆக, மலைக்காரர்களின் விஷயம் என்று ஒன்று வந்தால் அதை உடம்பில் உணர்ந்து பேசக்கூடியவர்கள் மொத்த அவையில் மூன்று நான்கு பேர். கட்சி பலத்தை வைத்துத்தான் நேரம் ஒதுக்குவார்கள். சின்னக் கட்சிக்காரருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதிலும் ஒரு பகுதி, இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், கட்சித் தலைவருக்கு அடைமொழி சொல்வதிலேயே போய்விடும். விஷயத்துக்கு வரும்போது மணி அடிக்கும். நாள் முழுக்கக் காத்திருந்து தொகுதியின் ஒரே கோரிக்கையைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்தவர் மறுநாள் கேள்வி நேரத்திலேயே எழுந்து கத்துவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மருந்து தலைவர் இருக்கையில் இருப்பவரிடம்தான் இருக்கிறது. ஒருவர் எழுந்து குரல் கொடுக்கத் தொடங்கினால், அவைக் காவலரிடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘இவருக்கு அடுத்து நீங்கள்.’ அவ்வளவுதான் அதில் இருக்கும். சீட்டைப் படித்துவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்துவிடுவார். ஆளுங்கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் ஒரே மாதிரி மணி அடிக்கிற தலைவர் என்று பெயர் வாங்கிவிட்டால், பாதிக் கூச்சல் தானாகக் குறையும். அந்தப் பெயர் கெட்டுவிட்டால் விதிப் புத்தகத்தை எத்தனை முறை வாசித்துக் காட்டினாலும் பயன் இல்லை. என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன்.

நம் பேரவையின் மிக மோசமான நாட்கள் என்று எல்லோரும் சொல்வது 1988 ஜனவரி 28, 1989 மார்ச் 25, 2017 பிப்ரவரி 18. முதலாவதும் கடைசியும் நம்பிக்கை வாக்கெடுப்பு நாட்கள், நடுவில் உள்ளது பட்ஜெட் நாள். முதல் இரண்டும் நடந்தபோது நான் வேலையில் இருந்தேன், மூன்றாவதை ஓய்வுக்குப் பிறகு வீட்டில் டிவியில் பார்த்தேன். மூன்றிலும் அவையைக் கொதிக்க வைத்தது ஆட்சி யார் கையில் என்பதும், தலைவர்களுக்கிடையே இருந்த பகையும்தான். நிலம், மொழி, இட ஒதுக்கீடு போன்ற, ஊரைப் பிரிக்கிற கொள்கை எதுவும் அல்ல. இதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பிளவுபடுத்தும் விஷயம் என்பதாலேயே அவை உடைந்துவிடும் என்று நாம் பயப்பட வேண்டியதில்லை.

ஒழுங்கை வெளியேற்றத்தால் கொண்டுவர முடியுமா என்பதற்கும் பதில் ஓரளவு தெரியும். 2001 நவம்பர் 25 அன்று டெல்லியில் நாட்டின் சபாநாயகர்கள், முதலமைச்சர்கள், கட்சித் தலைவர்கள், கொறடாக்கள் எல்லோரும் கூடி அவை ஒழுக்கம் பற்றியே ஒரு மாநாடு நடத்தினார்கள். அடுத்த மாதமே மக்களவை விதிகளில் 374ஏ என்று ஒன்று சேர்ந்தது. அவையின் நடுப்பகுதிக்கு வந்து வேண்டுமென்றே தடுத்தால், தலைவர் பெயர் சொன்னதும் தானாகவே இடைநீக்கம். 22 வருடம் கழித்து 2023 டிசம்பரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் உட்பட மூன்று குற்றவியல் சட்டங்கள் அந்த நாட்களில்தான் நிறைவேறின. யார் பக்கம் தப்பு என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எதிர்வரிசையில் இத்தனை இடம் காலியாக இருக்கும்போது ஒரு சட்டத்தின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை என்பது மட்டும் எழுதுகிறவளான எனக்குத் தெரியும். வெளிநடப்பு இதைவிட எவ்வளவோ மேல். கோபத்தைப் பதிவு செய்துவிட்டுத் தன் காலில் வெளியே போய், சற்று நேரத்தில் தன் காலிலேயே திரும்பி வரலாம். அதை ஓடிப்போவது என்று கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, உங்கள் பிரிவு 17-க்கு வருகிறேன். அது கூடலூரில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இங்கே படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்த 80 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பூமியை அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் 24-ஆம் எண் சட்டம் வந்தது. கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் என்பார்கள். அதில் 17-ஆவது பிரிவு தோட்டக் குத்தகைகளைப் பற்றியது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்றுவரை முடிவாகாமல் கிடக்கிறது. பட்டா கிடையாது, பல வீடுகளுக்கு மின் இணைப்புக் கேட்டே தலைமுறை கழிந்துவிட்டது. சட்டத்தின் ஒரு பகுதியை 1972-ல் உச்ச நீதிமன்றம் ஏற்காமல் போக, 1974-ல் 34-ஆம் திருத்தம் மூலம் அதை, நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தார்கள். அதை எதிர்த்துப் போன வழக்குதான் ஐ.ஆர். கோயலோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: அடிப்படைக் கட்டமைப்பு என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் வகுத்த நாளான 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். நாடு முழுக்க வனச் சட்டத்தை மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் 1995-ல் கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடங்கியதுதான். உங்கள் ஊர் மண்ணிலிருந்து கிளம்பிய இரண்டு வழக்குகளை இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இதை உங்கள் மாதிரிச் சட்டமன்றத்தில் யாராவது சொன்னார்களா என்று அறிய எனக்கு ஆசை.

இந்த விஷயத்தில் விவாதம் ஏன் இருபது நிமிடத்தில் உடைந்தது என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அந்த நிலத்தில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். மவுண்டாடன் செட்டிகள் இருக்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்து நிலத்தைத் திருத்தியவர்கள் இருக்கிறார்கள். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. எஸ்டேட்டுகள் இருக்கின்றன, வனத்துறை இருக்கிறது, யானையும் இருக்கிறது. இதில் யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது. ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று ஒருவர் சொன்னால், ஐம்பது வருடமாக அங்கே காப்பியும் மிளகும் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை எழுந்துவிடுவான். ‘வந்தேறி’ என்று சொன்னால், அகதி என்ற பட்டத்தைப் பள்ளிக்கூடத்திலேயே சுமந்த பிள்ளை எழுந்துவிடுவாள். ‘பூர்வகுடி நாங்கள்தான்’ என்று இரண்டு தரப்பு ஒரே நேரத்தில் சொல்லும். இவற்றில் எதுவும் கெட்ட வார்த்தை அல்ல. அவைக்குறிப்பிலிருந்து நீக்கும்படி எந்தத் தலைவரும் உத்தரவிட மாட்டார். ஆனாலும் விவாதத்தைக் கொல்வது இவைதான்.

அதனால்தான் தீர்மானத்தின் வாசகத்தை எழுதும்போதே பெயரைப் பேசி முடித்துவிட வேண்டும் என்கிறேன். பழைய கைகள் இதைச் செய்வார்கள். சபையில் போட்டி போடுகிறவர்கள் முந்தின நாள் மாலை ஓர் அறையில் உட்கார்ந்து, ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பிரிவு 17 நிலங்களில் வசிப்போர்’ என்று போடுவார்கள். காரமே இல்லாத சொல். யார் சரி என்று அது சொல்லவில்லை, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று மட்டும் சொல்கிறது. அதை ஒப்புக்கொண்ட பிறகு ‘வசிப்போரில் யாருக்குப் பட்டா, எந்தத் தேதிக்கு முன் வந்தவருக்கு, எத்தனை ஏக்கர் வரை’ என்று உண்மையான வேறுபாடுகளைப் பேசலாம். அந்த வேறுபாடுகள் கடுமையானவை, வாசகம் மாற்றியதால் அவை மறைந்துவிடாது. பேச முடிகிற நிலைக்கு வரும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிக்கலாம். உண்மை எது என்ற தகராறையும், எது நியாயம் என்ற தகராறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் விஷயத்தைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வைத்தார்கள். டாக்சி ஓட்டுகிறவருக்கும் காட்டேஜ் வைத்திருப்பவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சீசனில் தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு நிற்கும் வீட்டுக்கும், நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கும் வேறு நியாயம் இருக்கிறது. எத்தனை வண்டி வந்தது, எத்தனை அறை காலியாக இருந்தது என்பது எண்ணிப் பார்க்கக்கூடியது. அதை மேசையில் வைத்துவிட்டுத் தொடங்கினால், மீதி இருப்பது யாருடைய கஷ்டத்துக்கு எவ்வளவு எடை என்பது மட்டும். மனிதர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் அதுதான். எண்ணிலேயே சண்டை போட்டு நேரத்தைத் தீர்த்துவிட்டால் அங்கே போய்ச் சேரவே முடியாது.

சட்டமன்றத்தில் இந்த வேலை பெரும்பாலும் குழுக்களில் நடக்கும். நாடாளுமன்றத்தில் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கும் மரபு 1967 முதல் இருக்கிறது. குழு அறையில் காமிரா இல்லை, பார்வையாளர் மாடமும் இல்லை. அவையில் தொண்டை கிழியப் பேசியவர் அங்கே, “அந்தக் கோப்பில் நாலாவது பக்கம் பாருங்க அண்ணே” என்று எதிர்க்கட்சிக்காரரிடம் சாதாரணக் குரலில் சொல்வார். ஆளும் அதே ஆள்தான், அறைதான் வேறு.

இங்கே நீங்கள் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி வருகிறது. 1985-ல் 52-ஆம் திருத்தம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அப்படியானால் எதிரே இருப்பவரை எவ்வளவு மரியாதையாகப் பேசி மனம் மாற்றினாலும் அவர் வாக்கு மாறப்போவதில்லை. பிறகு எதற்கு இந்த மரியாதை? இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. கட்சித் தாவல் சட்டம் விவாதத்தின் உயிரைக் கொஞ்சம் எடுத்துவிட்டது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வாக்கு மட்டுமே விளைவு அல்ல. மசோதா சபைக்கு வந்த பிறகும் அமைச்சரே ஒரு திருத்தத்தைக் கொண்டுவருவது உண்டு. சட்டத்துக்கு விதி எழுதும்போது, அரசாணை போடும்போது, விவாதத்தில் யாரோ சொன்ன ஒரு விதிவிலக்கு உள்ளே நுழைந்திருக்கும். பல வருடம் கழித்து ஒரு நீதிமன்றம் சட்டத்தின் நோக்கம் என்ன என்று தேடும்போது அவைக்குறிப்பைத் திறக்கும். அங்கே ‘குறுக்கீடு, குறுக்கீடு’ என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கத்து நியாயம் எங்கும் பதிவாகவில்லை என்று அர்த்தம். உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், இது கிடைக்கும்.

பெரும்பான்மை இருக்கும்போது எதிர்த்தரப்பைக் கேட்பது ஏன் என்பதற்கு 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை ஒரு பாடம். ஆட்சிமொழி பற்றிய விவாதம். வடக்கும் தெற்கும் முகம் திருப்பிக்கொண்டு நின்ற நேரம். தொடங்கும்போதே சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் எல்லோரையும் நிதானமாகப் பேசும்படி கேட்டுக்கொண்டார். அவையில் பெரும்பான்மை பெற்று ஒன்றை நிறைவேற்றிவிடலாம், ஆனால் வடக்கிலோ தெற்கிலோ கணிசமான மக்கள் அதை ஏற்காவிட்டால் அரசியல் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதே கஷ்டமாகிவிடும் என்ற பொருளில் பேசினார். இந்தி ஆட்சிமொழி, ஆனால் பதினைந்து வருடம் ஆங்கிலமும் தொடரும் என்ற முன்ஷி - கோபாலசாமி அய்யங்கார் சமரசம் செப்டம்பர் 14 அன்று ஏற்கப்பட்டது. அது எல்லோருக்கும் பிடித்த முடிவு அல்ல, நம் மாநிலத்தில் அந்தச் சண்டை பிறகும் தொடர்ந்தது. ஆனால் பேச்சு முறியாமல் ஒரு முடிவு வந்தது. அதே சபையில் நவம்பர் 25 அன்று அம்பேத்கர் தன் நிறைவுரையில், தன் வரைவை வரிக்கு வரி எதிர்த்த காமத், தேஷ்முக், சக்சேனா, கே.டி. ஷா போன்றவர்களைப் பெயர் சொல்லி நன்றி கூறினார். எல்லோரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கிப் போயிருந்தால் சபை சப்பென்று போயிருக்கும் என்றார். அந்த நன்றியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகும்.

நம் பேரவையிலும் உண்டு. ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்காக 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். அதற்குப் பிறகும் பல வருடம் ஆளுங்கட்சி அந்தப் பெயரை ஏற்கவில்லை. 1967 ஜூலை 18 அன்று அதே கோரிக்கை அவையில் ஒருமனதாக நிறைவேறியது. முன்பு எதிர்த்த கட்சியினரும் அன்று சேர்ந்து ஆதரித்தார்கள். தோற்றவர்களைத் திரும்ப வர முடியாதபடி அவமானப்படுத்தியிருந்தால் அந்த ஒருமனது வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

சந்தேகமான விஷயங்களும் இருக்கின்றன. அவைக்குள் காமிரா வந்ததால் நடத்தை கெட்டதா, திருந்தியதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. காமிராவுக்காகப் பேசுகிறவர்களையும் பார்த்தேன், காமிரா இருக்கிறதே என்று அடங்கியவர்களையும் பார்த்தேன். என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. புதிய உறுப்பினர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினால் மாறுமா என்பதும் அப்படித்தான். விதி தெரிந்துகொள்ள உதவும், பழக்கம் மாற உதவுமா என்று சொல்ல முடியாது. தடை செய்ய வேண்டிய சொற்களுக்குப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு சொல்லை எடுத்தால் அதே விஷத்தோடு இன்னொரு சொல் வந்து உட்காரும். ஆதாரமில்லாத குற்றச்சாட்டுக்கு மட்டும் ஒரு விதி நன்றாக வேலை செய்கிறது. மக்களவை விதி 353 மாதிரி, ஒருவர் மீது அவதூறான குற்றம் சொல்வதானால் தலைவருக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதைக் கடைப்பிடித்தால் ‘நிரூபித்தால் பதவி விலகத் தயாரா’ என்ற சவால் கிளம்ப இடமே இருக்காது. அந்தச் சவால் கிளம்பிய பிறகு எந்த மசோதாவும் அன்றைக்குப் பேசப்பட்டதில்லை.

மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு என்று நான் நம்புகிறேன். சென்னையில் கூட்டம் முடிந்த இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருவேன். மதியம் அவையில் முட்டிக்கொண்ட இருவர் எதிரெதிர் பெர்த்தில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்து இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் இருவருக்கும் ஒரே மலைப் பாதைதான். மண் சரிந்தால் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும். சேர்ந்து பயணம் செய்து பழகியவர்கள் அவையிலும் ஒரு எல்லைக்கு மேல் போவதில்லை என்பது என் கணிப்பு.

நீங்கள் படிக்கிற ஊரிலேயே பேரவை ஒரு முறை கூடியிருக்கிறது, தெரியுமா? 1959 ஏப்ரல் 20 முதல் 30 வரை. அப்போது அரன்மோர் அரண்மனை என்ற பெயரில் இருந்த, இப்போது ‘தமிழகம்’ விருந்தினர் மாளிகை என்று அழைக்கப்படும் கட்டடத்தில். காமராஜர் முதலமைச்சர், யு. கிருஷ்ணராவ் பேரவைத் தலைவர், எதிர்வரிசையில் அண்ணா. நான் அப்போது கைக்குழந்தை. ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்த என் அப்பா, குளிர் தாங்காமல் எம்.எல்.ஏ.க்கள் கட்சி பார்க்காமல் ஒரே கடையில் கம்பளி வாங்க நின்றதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை உங்கள் மாதிரிச் சட்டமன்றம் நடக்கும்போது, தலைப்பை மாற்ற வேண்டாம். பிரிவு 17 என்ற அதே தலைப்பு இருக்கட்டும். முந்தின நாள் இரண்டு பக்கத்திலிருந்தும் இருவர் உட்கார்ந்து தீர்மானத்தின் வாசகத்தை எழுதட்டும், யாரை என்ன சொல்லி அழைப்பது என்று அங்கேயே முடிவாகட்டும். சட்டம் எந்த வருடம், எத்தனை ஏக்கர், எந்தத் தீர்ப்பு என்ற விவரத்தை ஒரு தாளில் அடித்து எல்லோருக்கும் கொடுங்கள். தலைவராக இருக்கப்போகிற மாணவர், பேச விரும்புகிறவர்களின் பெயரையும் வரிசையையும் கரும்பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதட்டும். வெளிநடப்புக்கு அனுமதி உண்டு, கதவு திறந்தே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடப்பதை ஒருவர் ஒரு சொல் விடாமல் எழுதி, மறுநாள் இரு தரப்புக்கும் படித்துக் காட்ட வேண்டும். தான் சொன்னது அப்படியே எழுத்தில் வரும் என்று தெரிந்தால் விகுதி தானாகத் திருந்தும். சுருக்கெழுத்துத் தெரிந்தவர் யாரும் உங்களிடம் இல்லையென்றால் தேதியை மட்டும் இங்கே சொல்லுங்கள் தம்பி. கோத்தகிரியிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பினால் பத்து மணிக்கு முன்பே வந்துவிடுவேன். நோட்டும் பென்சிலும் நானே கொண்டுவருகிறேன்.